விகடகவி மாலைமாற்று இல்லையாம்! கணினி வகுப்பில் ‘ஏன்’ என்று கேட்கலாமா, கூடாதா?

செமிகோலன்16

எல்லோருக்கும் வணக்கம். எனக்குப் பதினாறு வயது. பள்ளியில் நடந்த இரண்டு விஷயங்களைச் சொல்கிறேன், அப்புறம் என் கேள்வி. கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் விஷயம். கணினி வகுப்பில் மாலைமாற்றை, அதாவது திருப்பிப் படித்தாலும் மாறாத சொல்லை, கண்டுபிடிக்கும் நிரல் எழுதச் சொன்னார்கள். பைத்தான் என்ற நிரல் மொழியில் மூன்றே வரி. சொல்லைத் திருப்பிப் போட வேண்டும், பழைய சொல்லோடு ஒப்பிட வேண்டும், ஒன்றாக இருந்தால் ‘ஆம்’ என்று காட்ட வேண்டும். புத்தகத்தில் இருந்த ஆங்கிலச் சொல்லைக் கொடுத்தேன், ‘ஆம்’ வந்தது. எனக்கு மாலைமாற்று என்றாலே விகடகவிதான். அதைத் தட்டினேன். ‘இல்லை’ என்றது. எழுத்துப்பிழையோ என்று மறுபடி தட்டினேன். மறுபடியும் ‘இல்லை’. திருப்பிப் போட்ட சொல்லைத் திரையில் காட்டச் சொன்னேன். முதலில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம், அதன் தலையில் இகரக் கொக்கி, அதை அடுத்து ‘வகடகிவ’. நீளத்தைக் கேட்டால் 7 என்கிறது. விகடகவியில் ஐந்து எழுத்துதானே!

ஆசிரியரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு நிமிடம் திரையையே பார்த்தார். “இதெல்லாம் பாடத்தில் இல்லை. புத்தகத்தில் உள்ள சொல்லைப் போட்டு நோட்டில் எழுதி முடி” என்று சொல்லிவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார்.

இரண்டாவது விஷயம். எங்கள் மதிப்பெண்களைப் பார்ப்பதற்குப் பள்ளிக்கு ஓர் இணையதளம் உண்டு. கடவுச்சொல் போட்டு உள்ளே போனால் நம் மதிப்பெண் பட்டியல் வரும். மேலே முகவரிப் பட்டையின் கடைசியில் என் மாணவர் எண் அப்படியே நிற்பதைக் கவனித்தேன். அதில் ஒன்றைக் கூட்டி என்டர் தட்டினேன். அடுத்த மாணவியின் பட்டியல் வந்து நின்றது. கை நடுங்கிவிட்டது. ஒருவேளை தற்செயலோ என்று இன்னும் இரண்டு எண்களைப் போட்டேன். அவையும் வந்தன. உடனே மூடிவிட்டு, அன்று மாலையே வகுப்பு ஆசிரியரிடம் போய்ச் சொன்னேன்.

மறுநாள் அப்பாவையும் அம்மாவையும் வரவழைத்தார்கள். “உங்கள் பையன் பள்ளியின் தளத்தை ஹேக் செய்திருக்கிறான்” என்றார்கள். இரண்டு வாரம் கணினி அறைக்குள் நுழையக் கூடாது, மன்னிப்புக் கடிதம் தர வேண்டும். கடிதம் கொடுத்தேன். ஒன்பது நாள் கழித்து, என் கணக்கிலிருந்து ஒரு நண்பனின் எண்ணை அவன் பக்கத்தில் இருக்கும்போதே போட்டுப் பார்த்தோம். ஓட்டை அப்படியே இருந்தது!

எங்களுக்குக் கணினி கற்றுத் தருகிறார்கள். எந்த மெனுவில் எந்தப் பொத்தான் இருக்கிறது என்பதற்கு மதிப்பெண் உண்டு. சுருக்கெழுத்துகளின் விரிவாக்கத்துக்கு மதிப்பெண் உண்டு. ‘ஏன் இப்படி ஆகிறது’ என்று கேட்டால் ஒரு நாள் பாடத்தில் இல்லை என்கிறார்கள், இன்னொரு நாள் குற்றவாளி என்கிறார்கள். நான் செய்தது தப்பா? நேராகச் சொல்லுங்கள்.

பழைய_மோடம்

தம்பி, விகடகவி கதையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது அருமையான கேள்வி.

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். உலக மொழிகளின் எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடு ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறது. வ என்றால் 2997. க என்றால் 2965. ட என்றால் 2975. ‘வி’ என்பதற்குத் தனி எண் கிடையாது. வகரத்துக்கு 2997, அதோடு ஒட்டும் இகரக் குறிக்கு 3007. ஆக விகடகவி கணினிக்குள் இப்படி இருக்கிறது:

2997, 3007, 2965, 2975, 2965, 2997, 3007

எண்ணிப் பார், ஏழு. இதைத் திருப்பினால்:

3007, 2997, 2965, 2975, 2965, 3007, 2997

முதலில் வரும் 3007-க்கு ஒட்டிக்கொள்ள முன்னால் எழுத்து இல்லை. அதனால்தான் அந்தப் புள்ளி வட்டம் வந்தது, ‘இங்கே ஓர் எழுத்து இருக்க வேண்டும்’ என்று காட்டுவதற்கு. கடைசிப் பக்கம் இருந்த 3007 இப்போது ககரத்தோடு ஒட்டி ‘கி’ ஆகிவிட்டது. நீ பார்த்த ‘வகடகிவ’ அதுதான். நிரலில் பிழை இல்லை. ‘எழுத்து’ என்று நாம் சொல்வதும், கணினி ஒன்று, இரண்டு என்று எண்ணுவதும் வேறு வேறு.

வழி சொல்கிறேன், நிரலை நீயே எழுது. சொல்லை நேராகத் திருப்பாதே. முதலில் எழுத்துகளாகப் பிரித்து ஒரு பட்டியலில் போடு. யூனிகோடு ஒவ்வொரு குறிக்கும் ஒரு வகை கொடுத்திருக்கிறது, பைத்தானிலேயே அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். துணைக்கால், கொக்கி, கொம்பு, புள்ளி எல்லாவற்றின் வகையும் ‘எம்’ என்ற எழுத்தில் தொடங்கும். அப்படித் தொடங்கினால் முந்தைய எழுத்தோடு சேர்த்து ஒட்டு, இல்லையென்றால் புதிய எழுத்தாக வை. அதன் பிறகு பட்டியலைத் திருப்பு. ‘தேருவருதே’ என்பதையும் கொடுத்துப் பார்.

இரண்டாவது விஷயத்தைப் பற்றி, இந்த வேலையிலேயே இருப்பவர்கள் சொல்லட்டும்.

சர்வர்_அறை

அந்த வேலையில் இருப்பவன் நான்தான். பல நிறுவனங்களின் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன்.

தம்பி கண்டது மிகப் பழைய, மிகப் பரவலான ஓட்டை. ‘நீ யார்’ என்று தளம் கேட்கிறது, கடவுச்சொல் சரி என்றால் உள்ளே விடுகிறது. ‘நீ கேட்கும் இந்தப் பட்டியல் உன்னுடையதுதானா’ என்று கேட்க மறந்துவிடுகிறது. விடுதியின் வாசலில் அடையாள அட்டை பார்க்கிறார்கள், உள்ளே ஒரு அறைக்கும் பூட்டு இல்லை என்பது போல. இணையப் பாதுகாப்புக்காக இயங்கும் ஓவாஸ்ப் அமைப்பு, இணையச் செயலிகளில் உள்ள பெரிய ஆபத்துகள் பத்தை அவ்வப்போது பட்டியலிடும். 2021 பட்டியலில் முதலிடம் இந்த வகைக்குத்தான். ஆகவே இது மேதைகள் மட்டுமே கண்டுபிடிக்கும் விஷயமில்லை. கண்ணில் படும், அவ்வளவுதான். உன் கண்ணில் பட்டது, நீ போய்ச் சொன்னாய். அதுவரை சரி.

நேராகச் சொல் என்று கேட்டாய், சொல்கிறேன். முதல் எண்ணைக் கூட்டியபோது ஓட்டை உறுதியாகிவிட்டது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். இன்னும் இரண்டு எண்கள் போட்டதற்கு எந்தத் தேவையும் இல்லை. இன்னும் நல்ல வழி, எண்ணை மாற்றுவதற்கு முன்பே நண்பனைக் கூப்பிட்டு, ‘உன் எண்ணைப் போடட்டுமா’ என்று கேட்டிருப்பது. ஒன்பது நாள் கழித்து நீயே அப்படித்தான் செய்திருக்கிறாய்.

நல்ல எண்ணம் இருந்தால் மட்டும் போதாது. 1988 நவம்பர் 2-ம் தேதி, கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ராபர்ட் மோரிஸ் ஒரு நிரலை இணையத்தில் விட்டார். அது கணினிக்குக் கணினி தானாகப் பரவும். நாசம் செய்வது நோக்கமில்லை என்றுதான் அவர் தரப்பில் சொல்லப்பட்டது. ஏற்கெனவே தன் நகல் இருக்கும் கணினி என்று தெரிந்தாலும், ஏழில் ஒரு தடவை எப்படியும் இன்னொரு நகல் போட்டுக்கொள்ளும்படி எழுதியிருந்தார். ஒரே கணினியில் நகல் மேல் நகல் சேர்ந்து ஆயிரக்கணக்கான கணினிகள் திணறிப்போயின. அவருக்குத் தண்டனை கிடைத்தது. பிற்காலத்தில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் ஆனார். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. எங்கே நிறுத்துவது என்று யோசிப்பதும் இந்தத் தொழிலில் பாதி வேலை.

இளநிலா

நானும் பள்ளி மாணவிதான். செமிகோலன்16-ஐ எனக்குத் தெரியாது. வேறு பள்ளி, கிட்டத்தட்ட இதே கதை.

எங்கள் வகுப்பிலும் ஒருவன் இப்படிக் கண்டுபிடித்தான். அவன் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை, திரையைப் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினான். அதில் என் பட்டியலும் இருந்தது. அந்தத் தேர்வின்போது வீட்டில் ஒரு பெரிய பிரச்சினை. இரண்டு பாடத்தில் தோல்வி. யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். ஒரே நாளில் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது. யாரும் கேலி செய்யவில்லை. ஆனால் நான் உள்ளே வந்ததும் பேச்சு நின்றுபோகும். அது கேலியை விட மோசம்.

நீ படம் எடுக்கவில்லை, யாருக்கும் அனுப்பவில்லை, புரிகிறது. ஆனாலும் உன் பதிவில் ‘அடுத்த மாணவியின் பட்டியல் வந்து நின்றது’ என்று எழுதியிருக்கிறாய். அந்த மாணவிக்கு இது தெரியுமா? பள்ளிக்கு மன்னிப்புக் கடிதம் கொடுத்தாய். அவளுக்கு?

செமிகோலன்16

இளநிலா, நேற்று இரவு உங்கள் பதிவைப் படித்தேன். உடனே பதில் எழுதத் தொடங்கினேன். ‘நான் மதிப்பெண்ணைப் படிக்கவே இல்லை’ என்று எழுதினேன். அப்புறம் அழித்துவிட்டேன், ஏனென்றால் அது உண்மை இல்லை. முதல் பட்டியலில் கணக்கு மதிப்பெண்ணைப் பார்த்தேன். இப்போதும் நினைவிருக்கிறது. மறக்க முடியவில்லை.

அவளுக்குத் தெரியாது. பள்ளியும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்கு என்ன அநியாயம் நடந்தது என்பதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். அவளிடம் சொல்கிறேன். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

சர்வர்_அறை அண்ணா, முதல் எண்ணிலேயே நிறுத்தியிருக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். எங்கே நிறுத்த வேண்டும் என்று எங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லாதே என்று சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். ஓர் ஓட்டை கண்ணில் பட்டால் என்ன செய்ய வேண்டும், யாரிடம் போக வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று ஒரு வரி கூட எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை.

இரு_பிள்ளைகளின்_அம்மா

பெற்றவளாக எழுதுகிறேன். ‘உங்கள் பையன் ஹேக் செய்திருக்கிறான்’ என்று பள்ளியிலிருந்து கூப்பிட்டால் எனக்கும் உயிர் போய்விடும். உன் அப்பா அம்மா மேல் கோபப்படாதே கண்ணா.

ஆனால் இந்த இழையைப் படித்த பிறகு ஒன்று உறைக்கிறது. என் சின்னவனுக்கு நடக்கத் தெரிவதற்கு முன்பே கைபேசித் திரையைத் தள்ளத் தெரிந்தது. ‘எவ்வளவு கெட்டிக்காரன்’ என்று சொந்தக்காரர்களிடம் காட்டிப் பெருமைப்பட்டோம். அவனுக்கே பத்து வயதானபோது, ஓடாமல் கிடந்த பழைய மடிக்கணினியின் திருகுகளைக் கழற்றி உள்ளே பார்த்தான். அன்றைக்கு அடி வாங்கினான். திரையைப் பார்த்துக்கொண்டே மணிக்கணக்காக உட்கார்ந்தால் ஒன்றும் சொல்வதில்லை, திறந்து பார்த்தால் அடி. அந்த மடிக்கணினி அப்போதே குப்பைக்குப் போகவேண்டிய பொருள். எதற்கு அடித்தேன் என்று எனக்கே இப்போது விளங்கவில்லை.

தாழ்வாரம்

பெரியவர்களின் அரசாங்கங்களே இந்த இடத்தில் தடுமாறியிருக்கின்றன, செமிகோலன். இரண்டு நாட்டுக் கதை சொல்கிறேன்.

அமெரிக்காவின் மிசௌரி மாநிலம், 2021 அக்டோபர். மாநிலக் கல்வித் துறையின் தளத்தில், ஆசிரியர்களின் சமூகப் பாதுகாப்பு எண்கள் (அரசு தரும் தனிநபர் அடையாள எண்கள்) பக்கத்தின் மூலநிரலிலேயே இருப்பதை ஒரு செய்தியாளர் கவனித்தார். திரையில் தெரியாது. ஆனால் உலாவியில் ‘மூலத்தைக் காட்டு’ என்று சொன்னால் யாருக்கும் தெரியும். அவருடைய செய்தித்தாள் முதலில் துறையிடம் சொன்னது, அவர்கள் பக்கத்தை எடுக்கும்வரை காத்திருந்து அதன் பிறகே செய்தி வெளியிட்டது. இதைவிடப் பொறுப்பாக நடந்துகொள்ள முடியாது. ஆனால் ஆளுநர் மைக் பார்சன் அந்தச் செய்தியாளரை ஹேக்கர் என்றார், வழக்குத் தொடர்வோம் என்றார். 2022 பிப்ரவரியில் அரசு வழக்கறிஞர், குற்றச்சாட்டு எதுவும் பதியப்போவதில்லை என்று சொல்லி முடித்தார். அந்த நான்கு மாதமும் அந்தச் செய்தியாளருக்குத் தூக்கம் வந்திருக்குமா?

நெதர்லாந்தில் வேறு மாதிரி. அங்கே தேசிய இணையப் பாதுகாப்பு மையம் 2013-லேயே ஒரு வழிகாட்டி வெளியிட்டது. ஓட்டையைக் கண்டுபிடித்தவர் எப்படிச் சொல்ல வேண்டும், தேவைக்கு மேல் எதையும் தோண்டாமல் எங்கே நிறுத்த வேண்டும், சொல்லப்பட்ட நிறுவனம் பதிலுக்கு என்ன செய்ய வேண்டும் என்று அதில் இருக்கிறது. அரசுத் தளத்தில் ஓட்டை கண்டு முறையாகச் சொல்பவர்களுக்கு ஒரு டீ-ஷர்ட் தருகிறார்கள். ‘டச்சு அரசை ஹேக் செய்தேன்’ என்று அதில் அச்சிட்டிருக்கும். ஒரு அரசாங்கம் தன் ஓட்டையைச் சொன்னவனுக்கு அதை மார்பில் அணியக் கொடுக்கிறது!

உன் பள்ளி டீ-ஷர்ட் தர வேண்டாம். ‘சொன்னதற்கு நன்றி, இனி இந்த முகவரிக்கு எழுது’ என்று ஒரு வரி போதும். தளம் வைத்திருப்பவர்கள், ஓட்டையை யாரிடம் சொல்ல வேண்டும் என்பதை ஒரு சின்னக் கோப்பில் எழுதித் தளத்தில் வைப்பதற்கு 2022-ல் ஒரு பொது நெறியே வந்துவிட்டது. எழுத ஐந்து நிமிடம் ஆகும்.

கணினி_டீச்சர்

இத்தனை பேர் பேசிவிட்டீர்கள், ஆசிரியர் தரப்பிலிருந்தும் ஒருத்தி பேச வேண்டும். நான் இதே பாடத்தை நடத்துகிறவள்.

செமிகோலன், உன் ஆசிரியர் ஒரு நிமிடம் திரையையே பார்த்தார் என்று எழுதினாயே, அந்த ஒரு நிமிடம் எனக்குத் தெரியும். அவருக்கு விடை தெரியவில்லை. வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ‘எனக்கும் தெரியவில்லை, நாளைக்குப் பார்த்துவிட்டு வருகிறேன்’ என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எனக்கும் பல வருடம் வந்ததில்லை. தெரியாது என்று சொன்னால் மதிப்பு போய்விடும் என்றுதான் எங்களுக்கும் சொல்லிக் கொடுத்தார்கள்.

இன்னொன்று. நாற்பது பிள்ளைகளுக்குப் பாதி எண்ணிக்கையில் கணினிகள், அதிலும் நான்கைந்து எப்போதும் ஓடாது. ஒருவன் அமைப்புகளை மாற்றிவிட்டால் அடுத்த வகுப்பே நின்றுவிடும். அதனால் எல்லாவற்றையும் பூட்டி வைக்கிறோம். சோம்பேறித்தனம் என்று நினைக்காதே.

பாடத்திட்டத்தை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் மென்பொருளைப் பயன்படுத்தச் சொல்லித் தந்த பழைய பாடத்தை எடுத்துவிட்டு, 2014 செப்டம்பரிலிருந்து கணினியியலைக் கொண்டுவந்தார்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கே ‘வழிமுறை என்றால் என்ன’ என்று தொடங்குகிறது. நல்ல மாற்றம்தான். ஆனால் நேற்றுவரை வேறு பாடம் நடத்திய ஆசிரியர்தானே இன்றைக்கு அதையும் நடத்த வேண்டும்! முதலில் எங்களுக்குக் கற்றுக்கொள்ள நேரம் வேண்டும், தப்புச் செய்ய இடம் வேண்டும்.

நான் ஒரே ஒரு மாற்றம் செய்தேன். வகுப்பறையில் ஒரு நோட்டு தொங்கவிட்டிருக்கிறேன். எனக்கு விடை தெரியாத கேள்விகளை, கேட்ட பிள்ளையே அதில் எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசிப் பத்து நிமிடம் அதிலிருந்து ஒன்றை எடுத்து எல்லோருமாகத் தேடுவோம். சில கேள்விகள் மாதக்கணக்காக அப்படியே இருக்கின்றன. உன் விகடகவியை நாளைக்கு நான் எழுதி வைக்கப்போகிறேன்.

கசடற

டீச்சர் சொன்னதைப் படித்ததும் லூயி பிரெயில்தான் ஞாபகத்துக்கு வந்தார்.

மூன்று வயதில் அப்பாவின் பட்டறையில் தோல் தைக்கும் ஊசி கண்ணில் குத்திப் பார்வை போன சிறுவன். பத்து வயதில் பாரிசில் பார்வையற்ற சிறுவர்களுக்கான பள்ளிக்கு வந்தார். அங்கே புத்தகம் என்றால், சாதாரண எழுத்தையே மேடாக அழுத்திய பெரிய பெரிய பக்கங்கள். ஒவ்வோர் எழுத்தையும் தடவித் தடவிப் படிக்க வேண்டும். பிள்ளைகளால் அப்படி எழுதவும் முடியாது. சார்லஸ் பார்பியே என்பவர் பன்னிரண்டு புள்ளிகள் கொண்ட ஒரு முறையை அங்கே காட்டினார். பன்னிரண்டு புள்ளியை ஒரு விரல் நுனியால் ஒரே நேரத்தில் உணர முடியாது. அதைப் பயன்படுத்திப் பார்த்த பிரெயில் ஆறாகக் குறைத்தார். 1824-ல் அவருக்குப் பதினைந்து வயது.

ஆறு புள்ளி, ஒவ்வொன்றும் மேடு அல்லது சமம். 64 வடிவங்கள். கணினி படிக்கிறவர்களுக்கு இதைப் பார்த்ததுமே புரியும், அது ஆறு பிட் (0 அல்லது 1 என்ற இலக்கம்) குறியீடு. கணினி வருவதற்கு நூறு வருடத்துக்கும் மேலாக முன்பு, ஒரு பள்ளி மாணவன் தன் விரல் நுனியின் அளவை வைத்துத் தீர்மானித்தது.

1840-ல் பள்ளிக்குப் புது இயக்குநர் வந்தார், பிரெயில் முறைக்குத் தடை வந்தது. பார்வையுள்ள ஆசிரியர்களால் அதைப் படிக்க முடியவில்லை, அவர்களுக்குத் தெரிந்த எழுத்தே போதும் என்ற நினைப்பு. பிள்ளைகள் ஒளித்து வைத்து எழுதிக்கொண்டார்கள். சில ஆண்டுகளில் தடை தளர்ந்தது. ஆனால் அந்த முறை அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டது 1854-ல். பிரெயில் 1852-லேயே இறந்துவிட்டார்.

பயன்படுத்துகிறவனுக்குத்தான் எங்கே குத்துகிறது என்று தெரியும். அந்தப் பிள்ளையைப் பள்ளி கேட்கவில்லை என்றால் இழப்பு யாருக்கு?

மூன்றாம்_வரிசை

எனக்குப் பதினேழு. வேறு ஒரு கோணம்.

‘ஏன்’ என்று ஆசிரியரிடம் கேட்க முடியாததால் நாங்கள் எல்லோரும் இப்போது ஏஐயிடம் கேட்கிறோம். அது கோபப்படுவதில்லை, பாடத்தில் இல்லை என்று சொல்வதில்லை. அது எனக்குப் பெரிய நிம்மதி. ஆனால் விகடகவி போன்ற ஒன்றைக் கேட்டால் சரியான நிரலை உடனே கொடுத்துவிடும். நான் ஒட்டிவிட்டுப் போய்விடுவேன். 3007 என்ற எண் என் கண்ணிலேயே பட்டிருக்காது. பழைய_மோடம் ஐயா வழியை மட்டும் சொல்லி, நிரலை நீயே எழுது என்றாரே, எனக்கு அதுதான் பிடித்தது.

இன்னொரு பக்கம், நானே மூன்று நாள் உட்கார்ந்து எழுதிய கட்டுரையை ‘இது இயந்திரம் எழுதியது’ என்று ஒரு கண்டறியும் கருவி சொன்னதால் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் அப்படி ஒரு கருவியை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆசிரியரிடம் இதைச் சொன்னேன். என் அடித்தல் திருத்தல் எல்லாம் இருந்த கைப்பிரதியைக் காட்டியபோதுதான் நம்பினார். கருவி எப்படி முடிவு செய்கிறது என்று கேட்டேன். அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் மதிப்பெண் அதன் கையில் இருந்தது. செமிகோலன், கணினியின் உள்ளே பார்க்க வேண்டும் என்று நீ சொல்வது வெறும் ஆர்வத்துக்காக மட்டும் இல்லை என்று எனக்கு அன்றைக்குப் புரிந்தது.

சர்வர்_அறை

தம்பி, ‘எங்கே நிறுத்துவது என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள்’ என்று கேட்டாயே, நியாயமான கேள்வி. எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு தடவை பெரிய தப்பைச் செய்துவிட்டு, என் மேலதிகாரி என்னை வேலையை விட்டு அனுப்பாமல் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லித் தந்ததால் கற்றேன்.

அதனால் உன் பள்ளிக்கு ஒரு கடிதம் எழுது. மன்னிப்பு ஏற்கெனவே கொடுத்தாயிற்று, இது வேறு. என்ன பார்த்தாய், எந்தத் தேதியில், எத்தனை பட்டியல், எதுவும் சேமிக்கவில்லை என்பது, சரிசெய்ய என்ன வேண்டும் என்பது. ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். ‘உள்நுழைந்தவரின் எண்ணும் கேட்கப்படும் பட்டியலின் எண்ணும் ஒன்றா என்று சர்வரில் சோதிக்க வேண்டும்’ என்று எழுது. தளத்தைச் செய்து கொடுத்தவருக்கு அந்த ஒரு வாக்கியம் போதும். எண்ணை முகவரியிலிருந்து மறைத்தால் போதும் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. மறைப்பது பூட்டு ஆகாது.

செமிகோலன்16

மூன்று வாரம் கழித்து வருகிறேன்.

அவளிடம் சொன்னேன். ஆய்வகத்துக்கு வெளியே, என்ன பார்த்தேன் என்பதை மறைக்காமல் சொன்னேன். முதலில் ஒன்றும் பேசவில்லை. “கணக்கு மதிப்பெண்ணையா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். போய்விட்டாள். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், “என் பட்டியலை வேறு யாரெல்லாம் பார்த்திருப்பார்கள் என்று கண்டுபிடிக்க முடியுமா?” என்று கேட்டாள். சர்வரின் பதிவேட்டில் இருக்கலாம், பள்ளிதான் பார்க்க வேண்டும் என்றேன். அந்தக் கேள்வியையும் கடிதத்தில் சேர்த்தோம். அவளும் கையெழுத்துப் போட்டாள். நன்றி இளநிலா.

கடிதத்துக்கு எழுத்தில் பதில் வரவில்லை. ஆனால் போன செவ்வாய்க்கிழமை நண்பனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கேட்டுவிட்டு, அவன் எண்ணைப் போட்டேன். ‘இந்தப் பக்கத்தைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை’ என்று வந்தது. பதிவேட்டை யாராவது பார்த்தார்களா என்று தெரியவில்லை. மறுபடி கேட்கப்போகிறோம்.

கணினி அறைத் தடை முடிந்து முதல் வகுப்பு. விகடகவியின் ஏழு எண்களையும் திருப்பிய ஏழு எண்களையும் ஒன்றின் கீழ் ஒன்றாக ஒரு தாளில் எழுதி எடுத்துப்போனேன். ஆசிரியரிடம் கொடுத்தேன். வகுப்பு முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார். தாளில் விரலை வைத்து, “இந்த 3007 முதல் வரியில் 2997-க்குப் பிறகு வருகிறது, கீழே அதற்கு முன்னால் வந்துவிடுகிறது. அப்படியானால் ஒவ்வொரு கொக்கியையும் எழுத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டுத் திருப்பினால்?” என்று கேட்டார். அதைத்தான் சார் எழுதியிருக்கிறேன் என்று நிரலைக் காட்டினேன். ‘தேருவருதே’ கொடுத்தார், ‘ஆம்’. ‘மோருபோருமோ’ கொடுத்தார், ‘ஆம்’. வேண்டுமென்றே ‘கணினி’ கொடுத்தார், ‘இல்லை’.

பழைய_மோடம் ஐயா, அதன் பிறகு அவர் ‘க்ஷ’ கொடுத்தார். என் நிரல் அதை ‘க்’, ‘ஷ’ என்று இரண்டாகப் பிரிக்கிறது. உள்ளே பார்த்தால் க, புள்ளி, ஷ என்று மூன்று குறிகள். திரையில் ஒரே எழுத்தாகத்தான் தெரிகிறது. நாம் அதை ஒன்றாக எண்ண வேண்டுமா, இரண்டாகவா? சாருக்கும் எனக்கும் இதில் ஒத்துப்போகவில்லை. ‘ஸ்ரீ’க்கும் இதே சிக்கல் வருகிறது. எந்த விதியை எழுதுவது?